மூன்றரை வயதில் இங்கிலீஷ் மீடியம் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு வரும் ஜூனில் மூன்றரை வயது ஆகிறது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிள்ளையைப் புதுக்கோட்டையில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கச் சொல்கிறார். அந்தப் பள்ளி வேன் காலை ஏழரைக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிடும். அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார், எல்லாப் பாடத்தையும் ஸ்பானிஷிலேயே நடத்தும் பள்ளியில் தன் மகளைச் சேர்த்திருக்கிறார். ஒரே வருஷத்தில் குழந்தை ஸ்பானிஷ் பேசுகிறதாம். "சின்ன வயசுல போட்டாத்தான் நாக்குல ஒட்டும் அண்ணி" என்கிறார். மாமியாரோ, "பச்சப்புள்ள, முதல்ல நம்ம எழுத்தப் படிக்கட்டும்" என்கிறார். அவர் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வராது. யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அரிமளம்

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் மகள் படிக்கும் பள்ளியும் உங்கள் தெருவுக்கு வேன் அனுப்பும் பள்ளியும் ஒரே வகைதானா என்று பார்த்த பிறகுதான் அவர் சொல் உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும்.

உங்கள் நாத்தனார் மகள் படிக்கும் வகைப் பள்ளிக்கு வழிகாட்டியது கனடா. மான்ட்ரியால் நகரை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் இங்கிலீஷ் பேசும் குடும்பங்கள் சில சேர்ந்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேயே பாடம் நடத்துங்கள் என்று போராடிக் கேட்டுப் பெற்றன. 1965 செப்டம்பரில் முதல் மழலையர் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் காலை முதல் பிரெஞ்சில்தான் பேசுவார்: வா, உட்கார், தண்ணீர் வேண்டுமா, ஏன் அழுகிறாய், எல்லாமே பிரெஞ்சில். ஆனால் குழந்தை இங்கிலீஷில் பதில் சொன்னால் அவருக்குப் புரியும், திட்டமாட்டார். இங்கிலீஷ் எழுத்துப் பாடம் இரண்டாம் வகுப்பில்தான் வந்தது. வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கர் என்ற ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்து 1972-இல் நூலாக எழுதினார்கள். பிள்ளைகளின் இங்கிலீஷும் கணக்கும் பின்தங்கவில்லை. பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் அதைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை எட்டவில்லை. இதைப் பார்த்துத்தான் 1971-இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் வகுப்பு ஆரம்பித்தார்கள்.

செயின்ட் லாம்பர்ட்டில் அது பலித்ததற்குக் காரணம் அந்த ஆசிரியர்தான். அந்த மொழியில் தடையில்லாமல் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் தெரிந்தவர். குழந்தையின் வீட்டு மொழியும் புரிந்தவர். வீட்டு மொழிக்கும் ஆபத்தில்லை. தெருவெல்லாம் அதுதான் ஒலிக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது வேறு. கரும்பலகையில் இங்கிலீஷ் இருக்கும், மிஸ் தமிழில் விளக்குவார், பிள்ளை பார்த்து எழுதும். "வாட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டால் பெயர் சொல்லும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அதே இங்கிலீஷில் கேட்டால் விழிக்கும். ரைம்ஸ் வரும், பேச்சு வராது. அந்த மிஸ்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இதே மாதிரிப் பள்ளியில் படித்து, குறைந்த சம்பளத்துக்கு நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர்கள்.

சில இடங்களில் இதைவிட மோசம். தமிழில் பேசினால் தண்டனை. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அவசரமாகச் சிறுநீர் வரும். அதை இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்றால், கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்காரும், அல்லது டவுசரை நனைத்துவிட்டுக் கூனிக்குறுகும். அந்த வயதில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொள்ளக் கற்பதைவிடப் பெரிய நஷ்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை. செயின்ட் லாம்பர்ட்டிலோ குழந்தை வீட்டு மொழியிலேயே கேட்கலாம்.

"சின்ன வயசுல ஒட்டும்" என்பதும் பாதிதான் உண்மை. நாள் முழுக்க அந்த மொழி காதில் விழும் இடத்தில் வளர்ந்தால் உச்சரிப்பு நன்றாக ஒட்டும். வகுப்பில் மட்டும் கேட்கிற மொழி அப்படியில்லை. ஸ்பெயினில் பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் கார்மென் முன்யோஸ் குழுவினர், எட்டு வயதில் இங்கிலீஷ் தொடங்கிய பிள்ளைகளையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும், இரு பிரிவினரும் ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு ஒப்பிட்டார்கள். பிந்தித் தொடங்கியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். நைஜீரியாவில் பாப்ஸ் ஃபபுன்வா 1970-இல் இஃபே நகரில் தொடங்கிய திட்டத்தில் ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுவதையும் தாய்மொழியான யொரூபாவில் நடத்தி, இங்கிலீஷை மட்டும் தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு தனிப் பாடமாகக் கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், இங்கிலீஷிலும் பின்தங்கவில்லை.

உங்கள் கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் சரளமாக இங்கிலீஷ் பேசுவதை அவர் தினமும் பார்க்கிறார். ஆனால் அங்கே பள்ளி, கடை, பேருந்து, பக்கத்து வீடு எல்லாவற்றிலும் இங்கிலீஷ் புழங்குகிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கவலையே வேறு: வீட்டுக்குள் தமிழ் குறைந்துகொண்டே போகிறது. அரிமளத்தில் பள்ளி வாசலைத் தாண்டினால் இங்கிலீஷ் கேட்க ஆளில்லை. அதனால் இங்கே எல்லாப் பாரமும் அந்த ஒரு மிஸ் மேல்தான் விழும்.

ஆகவே என் யோசனை இது. மூன்றரை வயதில் வேன் வேண்டாம். போக வர ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தூங்கி வழியும் பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது. உள்ளூர் அங்கன்வாடிக்கோ, நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிக்கோ அனுப்புங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளியையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் ஒரு பாடம். 2012-13 முதல் பல பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவும் இருக்கிறது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபின் தொடக்க வகுப்புகளில் பிள்ளையின் நிலை பார்த்துப் பாடலும் செயல்பாடுமாகச் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. நல்ல ஆசிரியர் வாய்த்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் அரை மணி நேரம் வகுப்புக்குள் உட்கார அனுமதி கேளுங்கள். கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் விடுங்கள். மிஸ் குழந்தையிடம் புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் இயல்பாகப் பேசுகிறாரா? பிள்ளை தமிழில் சொன்னால் காது கொடுக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்க்கலாம், அதுவும் ஐந்து வயது நிறைந்த பிறகு. வகுப்பைப் பார்க்கவே விடவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இங்கிலீஷ் பேச வராது என்று நீங்கள் குறைப்பட வேண்டாம். பிள்ளையிடம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசாதீர்கள், தமிழில் நிறையப் பேசுங்கள். வாசிக்க வரும் என்கிறீர்களே, படம் போட்ட எளிய இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை இரவில் மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். கதையைத் தமிழில் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலேயே ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளியில், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்து வந்து எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எழுத்துக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்பது பெரியவரான பிறகு கற்ற உங்கள் மாமியாருக்கு மறந்திருக்காது. தினமும் அரை மணி நேரம் பேரனுக்கு அவர் கதை வாசிக்கட்டும். தமிழில் தானாக வாசிக்க வந்த பிள்ளைக்கு, எழுத்து என்றால் என்ன என்பதை இங்கிலீஷில் மறுபடி புரிய வைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினால் கஷ்டப்படுவானே என்று உங்கள் கணவர் கேட்கலாம். முதல் ஆறு மாதம் அறிவியல், கணக்குச் சொற்கள் உறுத்தும், உண்மைதான். நான்காம் வகுப்பிலிருந்தே அந்தச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகினால் உறுத்தல் குறையும். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வீடியோ காலில் மகனிடம் ஏ, பி, சி, டி ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். அன்று ரயிலில் என்ன பார்த்தார், கிரேன் எவ்வளவு உயரம், மதியம் என்ன சாப்பிட்டார் என்று தமிழில் சொல்லட்டும். பிள்ளை கேள்வி கேட்கட்டும்.