நோன்பும் சர்க்கரை மாத்திரையும்

ரமலானில் நம் ரமணாசிரமம் பகுதிச் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு அஸருக்குப் பின் கைநடுக்கம், வியர்வை, மயக்கம் வருவதைப் பார்க்கிறோம். பட்டினி மட்டுமல்ல, மாத்திரையும் காரணமாகலாம்.

நம் செல்களின் சவ்வில் பொட்டாசியத்துக்கென நுண்வாசல்கள் உள்ளன. நான்கு புரதத் துண்டுகள் கூடி நடுவே வழிவிடுகின்றன. பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியம்கூட அதில் எளிதில் நுழையாது. பாக்டீரியா ஒன்றில் இவ்வமைப்பை 1998-இல் வெளிப்படுத்திய ராடரிக் மெக்கின்னன் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

உணவுக்குப் பின் சர்க்கரை ஏறினால், கணையச் செல்லில் ஏடிபி என்ற ஆற்றல் பொருள் பெருகி இவ்வாசலை மூடும். செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வந்து, இன்சுலின் சுரக்கும். சர்க்கரை குறைந்தால் வாசல் திறந்து சுரப்பு அடங்கும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகள் வாசலைத் தாமே அடைக்கின்றன. வயிறு காலியானாலும் இன்சுலின் சுரக்கும்; ஆபத்து அதில்தான். பிறவியிலேயே இவ்வாசல் சரியாக மூடாத குழந்தைகளுக்கோ இதே மருந்து பெரும் உதவி. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் மரபணுச் சோதனையில் கண்டறிந்த இத்தகைய குழந்தைகள் சிலர், இன்சுலின் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியுள்ளனர்.

எனவே ரமலானுக்கு முன்பே மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்குக் காத்திராமல் நோன்பை விட்டு இனிப்பு நீர் அருந்துங்கள். நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்ற சலுகையை அல்பகரா அத்தியாயமே (2:185) தருகிறது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியம் தருவானாக, ஆமீன்.