கல்யாண உண்டியல்

செவன் ஹில்ஸ், சிட்னி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் அக்கா கல்யாணத்துக்கு மொய்க் கவர் போடும் கார்டு பாக்ஸை நீயே செய்யப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். 'ரஸ்டிக்'காக இருக்கவேண்டுமாம். நாங்கள் பட்டிக்காட்டில் பிறந்து, அந்த வாடை ஒட்டிக்கொண்டே வரக்கூடாது என்று படித்து, பிளைட் பிடித்து இங்கே வந்து சேர்ந்தோம். நீங்கள் அதைத் தேடிப்பிடித்து மண்டப வாசலில் வைக்கிறீர்கள். சரி, செய். மெல்பர்னிலிருந்து பத்து நாள் முன்னாடியே வந்துவிடு, என் கராஜில் வைத்துக்கொள்ளலாம்.

பலகைக்கு அலைய வேண்டாம். இங்கே தொழிற்பேட்டைப் பக்கம் கம்பெனி வாசல்களில் சரக்கு ஏற்றும் பழைய மரப் பேலட் அடுக்கிக் கிடக்கும். உள்ளே போய்க் கேட்டுவிட்டு எடு. நீலப் பெயின்ட் அடித்ததை மட்டும் தொடாதே. அது செப் கம்பெனியுடையது. வாடகைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், கேட்பாரற்றுக் கிடந்தாலும் அவர்கள் சொத்துதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுப்போன சரக்குச் சாமான்களைக் கொண்டு ஆஸ்திரேலிய அரசு தொடங்கிய கம்பெனி அது. 1958-ல் தனியார் கைக்குப் போனது, இன்றைக்கு உலகம் முழுக்க அந்த நீலம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். கூடவே எச்.டி. என்றிருந்தால் எடுக்கலாம், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றிப் பூச்சி கொன்றது. எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, அது நம் வீட்டுக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

உப்புத்தாள் விஷயத்தில்தான் உன்னைப் போன்ற ஆட்கள் கோட்டை விடுவீர்கள். ரஸ்டிக் என்று சொல்லிச் சிலாம்பும் செதிலுமாக விட்டுவிடாதே. பெட்டியிடம் குனியப் போகிறவர்கள் யார்? காஞ்சிபுரம் பட்டு உடுத்திய பெரியம்மாக்களும் அத்தைகளும். ஒரு சிலாம்பு ஜரிகையில் மாட்டினால் போதும், அந்தச் சேலையின் கதையை அடுத்த பத்து வருஷம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 240 என்று மூன்று தாள் போடு. ஆணி இருந்த ஓட்டையும் மழையில் கறுத்த வரியும் அப்படியே இருக்கட்டும்; பார்த்தால் கரடுமுரடு, தடவினால் வழவழப்பு. மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும், வார்னிஷ் அடித்துப் பளபளக்க வைக்காதே.

செவன் ஹில்ஸில் வீடு வாங்கியிருக்கிறேன் என்றதும் உன் அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி, 'ஏழுமலைன்னா பெருமாள் இருக்காராப்பா?' அவர் 1985-லிருந்து ஹெலன்ஸ்பர்க்கில் இருக்கிறார், இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் இனி உண்டியலை நன்றாகப் பார். வாய் சின்னது, வயிறு பெரியது, பூட்டு கனமானது. நீ செய்யப்போவதும் அதுதான். இந்த ஊரில் நீளக் கவர் 22 சென்டிமீட்டர். அதனால் வாய் 24 நீளம், ஒன்றரை அகலம். கை நுழையக்கூடாது. இருநூறு பேர் வந்தால் குடும்பத்துக்கு ஒன்றாக எண்பது கவர் தேறும். ஒன்று 4 மில்லிமீட்டர் கனம் என்றாலும் அடுக்கினால் 32 சென்டிமீட்டர், உள்ளே கோணல்மாணலாகத்தான் விழும் என்பதால் இரண்டு மடங்கு இடம் விடு. அடிப்பலகையைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதே, ஸ்க்ரூ போடு. நம் ஆட்கள் 100 டாலர் வைத்தால் கூடவே 1 டாலர் காசும் வைப்பார்கள், அந்தக் கனத்தை அடிப்பலகை தாங்கவேண்டும். மூடிக்குக் கீல், நாதாங்கி, பூட்டு. சாவி உன் அப்பா மடியில்.

இவ்வளவும் தச்சு வேலை. எனக்குக் கவலை வேறு. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடப்பது உனக்குக் கேள்விஞானம். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டுப் பந்தலில் மொய் வாங்குவார்கள். ஒரே நாளில் கோடி வசூலானதும் உண்டு. இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மொய் நோட்டிலும் இந்தக் காலத்து ரசீதிலும் ஊர், பெயர், தொகை இல்லாமல் எதுவும் ஏறாது. அது வரும்படி இல்லை மாப்ளே, திருப்பிச் செய்யவேண்டிய கடன். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு செய்யவேண்டும் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. பெட்டிக்குக் காது கிடையாது, கவரைப் போட்டவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாது.

சில வருஷம் முன்பு இங்கே நண்பர் வீட்டுக் கல்யாணம். அழகான பெட்டி, வெள்ளை லேஸ் எல்லாம் கட்டியிருந்தார்கள். மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கவரைக் கிழித்துப் பணத்தை ஒரு தட்டிலும் கார்டைக் குப்பைப் பையிலும் போட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. பையிலிருந்து கார்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், 'அன்புடன், ரவி குடும்பத்தார்.' அந்தக் கல்யாணத்துக்கு நான்கு ரவி வந்திருந்தார்கள். எந்த ரவிக்கு எவ்வளவு செய்வது என்று நண்பரின் மனைவி இன்றைக்கும் புலம்புகிறாள்.

அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையனையும் பேனாவையும் உட்கார வை. பெயர் எழுதாத கவரைப் பார்த்தால் சிரித்த முகமாக, 'அங்கிள், பேரும் ஊரும் போட்டுடுங்க' என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்கட்டும். பாட்டும் ஆட்டமும் தொடங்குவதற்கு முன் பெட்டி காருக்குப் போய்விட வேண்டும். அன்றிரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மூன்று பேர் உட்காருங்கள். ஒருவர் பிரிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. அக்காவும் அத்தானும் அந்த மூவரில் வேண்டாம், அவர்கள் தூங்கட்டும். நோட்டை நானே வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வைக்கிறேன். அந்த நோட்டு படுக்கும் அளவுக்கு மூடியின் உள்பக்கம் ஒரு சட்டம் அடித்துவிடு. கல்யாணம் முடிந்த பிறகும் பெட்டிக்கு வேலை இருக்கும்.

வரும்போது பழைய சட்டை இரண்டு எடுத்து வா, ஆணி பிடுங்கும்போது கிழியும். கையுறை என்னிடம் இருக்கிறது. தாய்மாமன் கவர்தான் முதலில் விழவேண்டும். அதில் ஊர் பெயர் எல்லாம் எழுதிவிட்டேன், 1 டாலர் காசையும் டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா