கண்ணில் கோளாறா, திரையில் கோளாறா?
லினக்ஸ் கணினியின் ‘கண்ணாடி’ ஜன்னல்களைச் சரிசெய்ய ஒரு சின்னப் பாடம்

“ஏம்மா, இது மூணா எட்டா? எனக்குக் கண்ணாடி மாத்தணும் போல.”

அப்பா இப்படிக் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். “நல்லா பாருங்கப்பா” என்று சொன்னதோடு சரி. நிலம் தொடர்பான ஒரு மனுவை வீட்டில் இருந்தபடியே இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் விண்ணப்பப் படிவம், இன்னொரு பக்கம் ஸ்கேன் செய்த பத்திரம். பத்திரத்தில் இருந்த உட்பிரிவு எண் 8. அப்பா அடித்தது 3. சில நாள் கழித்து மனு திரும்பி வந்தது. மறுபடியும் முதலில் இருந்து.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, தப்பு அப்பா மேல் இல்லை. அது நான் பள்ளியில் வாங்கிய பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டு, ‘சும்மா ஜம்முன்னு இருக்கட்டும்’ என்று நான்தான் ஜன்னல்களைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். பயன்பாட்டில் இல்லாத ஜன்னல் தானாக மங்கி, பின்னால் இருக்கும் திருவிழாப் படம் அதன் வழியே தெரியும். அப்பா படிவத்தில் கை வைத்ததும் பத்திரம் மங்கிவிட்டது. தேர் வடத்துக்கு மேலே அந்த 8 பாதிதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் பலருக்கு லினக்ஸ் புதிதல்ல. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பழைய லேப்டாப்பை இன்னும் ஓட்ட லினக்ஸ் நல்ல வழி. அதில் மனு நிரப்புகிறீர்கள் என்றால், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

இந்த அலங்காரம் எங்கிருந்து வந்தது?

2006-இல் நோவெல் நிறுவனம் ‘காம்பிஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. டெஸ்க்டாப் ஒரு கனசதுரம் போலச் சுழலும். ஜன்னலை இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும். 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10, கணினியின் கிராஃபிக்ஸ் திறன் இடம் கொடுத்தால் காம்பிஸைத் தானாகவே இயக்கியது. லினக்ஸ் என்றால் கருப்புத் திரையும் கட்டளைகளும்தான் என்று நினைத்தவர்களை அது திரும்பிப் பார்க்க வைத்தது.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒவ்வொரு ஜன்னலும் முதலில் நினைவகத்தில் தனித்தனியாக வரையப்படும். பிறகு ‘கம்பாசிட்டர்’ என்ற பகுதி, கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியோடு அவற்றை அடுக்கி ஒரே படமாக உங்களுக்குக் காட்டும். அப்படி அடுக்கும்போதுதான் நிழல், மங்கல், கண்ணாடித் தன்மை எல்லாம் சேர்க்கப்படுகின்றன.

படிப்பதற்கு ஏன் சிரமம்?

எழுத்துக்கும் பின்னணிக்கும் இருக்கும் வெளிச்ச வித்தியாசத்துக்கு ஓர் அளவு உண்டு. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து என்றால் 21:1. அதுதான் உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது உலக அளவிலான இணைய அணுகல் வழிகாட்டி. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டியும் இதையே பின்பற்றுகிறது.

இப்போது ஒரு கணக்கு. கருப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்து இருக்கிறது. ஜன்னலைப் பாதி கண்ணாடி ஆக்குகிறீர்கள், அதாவது 50 சதவீதம். பின்னால் கருப்புப் படம் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. பின்னால் ஒரு வெள்ளைப் பக்கம் வந்துவிட்டால்? கருப்பு சாம்பல் ஆகிவிடும். அளவு 4:1-க்கும் கீழே இறங்கிவிடும். ஜன்னலின் அடர்த்தியை 70 சதவீதத்துக்கு ஏற்றினால், அதே வெள்ளைப் பக்கத்தின் மேலும் 8:1-க்கு மேல் கிடைக்கும்.

ஆக, பின்னால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இணையதளம் செய்தவர் எவ்வளவு கவனமாக நிறம் தேர்ந்தெடுத்திருந்தாலும், உங்கள் கணினியின் ஓர் அமைப்பு அதைக் கெடுத்துவிடலாம். பின்னணியிலும் எழுத்துகளோ ஆட்களோ இருந்தால், இந்த அளவு சரியாக இருந்தாலும் குழப்பம் வரும். ஒன்றின் கோடு இன்னொன்றின் மேல் விழுகிறதே!

தமிழுக்கு இது கூடுதல் தொல்லை. நம் எழுத்தில் ஒரு புள்ளி போனால் ‘க்’, ‘க’ ஆகிவிடும். ஒரு சின்னச் சுழி தெரியாவிட்டால் ‘கீ’, ‘கி’ ஆகிவிடும். ‘ன’, ‘ண’ வித்தியாசமும் ஒரு சுழிதான். பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன அலைச்சல் என்பது சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

எல்லாமே வேண்டாமா?

அப்படி இல்லை. நிழல் இருப்பதால்தான் எந்த ஜன்னல் மேலே இருக்கிறது என்று தெரிகிறது. ஜன்னலைச் சுருக்கும்போது அது எங்கே போய் உட்காருகிறது என்று காட்டும் அசைவு, புதிதாகக் கற்பவருக்கு உதவும். பாஸ்வேர்டு கேட்கும்போது மற்றதெல்லாம் மங்குவதும் நல்லதே, கவனம் சிதறாது. பார்வை குறைந்தவர்கள் பயன்படுத்தும் திரை உருப்பெருக்கியும் இதே கம்பாசிட்டரின் வேலைதான். கேடிஈ பிளாஸ்மாவில் விண்டோஸ் படம் போட்ட கீயோடு பிளஸ் கீயை அழுத்திப் பாருங்க, திரை பெரிதாகும்.

ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்த அலங்காரம் எனக்கு ஏதாவது தகவல் சொல்கிறதா? சொன்னால் இருக்கட்டும். வெறும் அழகுக்குத்தான் என்றால், மனு நிரப்பும் கணினியில் அதற்கு வேலை இல்லை.

எப்படிச் சரிசெய்வது?

எக்ஸ்எஃப்சிஈ: செட்டிங்ஸில் ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ திறந்து, ‘கம்பாசிட்டர்’ பகுதிக்குப் போங்கள். பயன்பாட்டில் இல்லாத ஜன்னலுக்கான பட்டையை வலது கோடி வரை நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் செய்தது இதுதான். அதன் பிறகும் கணினி திணறினால், கம்பாசிட்டரை முழுவதுமாக நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவது போலத் தெரிந்தால், மறுபடியும் இயக்கிவிடுங்கள்.

கேடிஈ பிளாஸ்மா: சிஸ்டம் செட்டிங்ஸில் ‘டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ்’ தேடுங்கள். டிரான்ஸ்லூசன்சி, வாப்ளி விண்டோஸ் இரண்டிலும் டிக் எடுத்துவிடுங்கள். பழைய கணினி என்றால் ‘பிளர்’ எடுத்தாலும் சுமை குறையும். மங்கலாக்க ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

க்னோம்: செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, சீயிங் என்று போனால் அசைவுகளைக் குறைக்கவும் ‘ஹை கான்ட்ராஸ்ட்’ வைக்கவும் வழி உண்டு.

லினக்ஸ் மின்ட் சின்னமன்: சிஸ்டம் செட்டிங்ஸில் ‘எஃபெக்ட்ஸ்’.

கையில் இருக்கும் போனில்?

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னல் மேல் கட்டப்பட்டதுதான். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’, ‘ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட்’ என்று இருக்கும். போனுக்குப் போன் இடமும் பெயரும் கொஞ்சம் மாறலாம், தேடல் பெட்டியில் அடித்தால் கிடைத்துவிடும். ஐபோனில் அக்சஸிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அங்கே ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி’. திரை அசையும்போது தலை சுற்றுகிறது என்று சொல்பவர்களுக்கு அதே அக்சஸிபிலிட்டியில் ‘மோஷன்’ பகுதியும் உதவும்.

ஒரு நிமிடச் சோதனை

1. ஆட்கள் நிறைந்த ஒரு படத்தைத் திரைப் பின்னணியாக வையுங்கள்.
2. அதன் மேல் ஏதாவது ஒரு சான்றிதழைத் திறந்து, பக்கத்தில் பிரௌசரையும் திறங்கள்.
3. பிரௌசரில் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, சான்றிதழில் உள்ள எண்ணையும் பெயரையும் படியுங்கள்.
4. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை படியுங்கள்.
5. வீட்டில் மூத்தவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், கண் டாக்டரிடம் போகும் முன் அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாவது படிதான் முக்கியம். திரை தெளிவாக இல்லாதபோது பெரியவர்கள் திரையைக் குறை சொல்வதில்லை, ‘எனக்கு வயசாயிடுச்சு’ என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். நாமும் அதை நம்பிவிடுகிறோம்.

அப்பா இரண்டாவது முறை மனுவை நிரப்பியபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சமர்ப்பிக்கும் முன் எண்ணை மட்டும் ஒரு தடவை சத்தமாக வாசித்தார். நீங்களும் அப்படியே செய்யுங்க. திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது நல்ல பழக்கம்.