பழைய வண்டியும் புதுக் கடனும்: வாங்கும் முன், செப்பனிடும் முன்



ஆடு, மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை இவற்றுக்குக் கடன் கேட்ட நம் குழுக்களில் இப்போது "பழைய வண்டி வாங்கணும்" என்ற மனுவும் வருகிறது. காலத்துக்கு ஏற்ற தேவைதான். ஆனால் ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, வண்டிக்கு எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. அதை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். கடன் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் நம்முடையது. எனவே இந்த மாதப் பாடம் இதுவே.

ஒரு சகோதரியின் அனுபவம்

நாங்கள் பார்வையிடும் குழு ஒன்றில் 12 உறுப்பினர்கள். அதில் ஒரு சகோதரியின் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை 38 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு மருத்துவமனையில் ரத்த சுத்திகரிப்பு. சிகிச்சைக்குப் பணமில்லை, போய்வரத்தான் செலவு. இரண்டு பஸ் மாறி வந்தால் பாதி வழியில் மயக்கம். வாடகை வண்டிக்கு ஒரு நடை 1,000 ரூபாய். மாதம் 8 நடைக்கு 8,000 ரூபாய்.

"வாடகைக்குக் கொடுக்கிற காசில் சொந்த வண்டியே வாங்கிடலாமே" என்று 2013-ல் பதிவான டாடா சுமோ ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். நகைக் கடன் 70,000, கைச் சேமிப்பு 20,000, குழுக் கடன் 50,000. செப்பனிட என்று 30,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அதுவரை சரியான திட்டம்தான்.

தவறு அடுத்த வாரம் நடந்தது. வண்டி நேராக டிங்கரிங் பட்டறைக்குப் போனது. டிங்கரிங், பெயிண்டுக்கு 18,000. சீட் கவர் 6,000. பாட்டுப் பெட்டி 4,000. ஆக 28,000 ரூபாய் முடிந்தது. வண்டி புதுசு போல மின்னியது. ஊரே வந்து பார்த்தது.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் மிதி அடிவரை இறங்கிவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஓட்டியவர் கியரைக் குறைத்து, மண் மேட்டில் உரசி நிறுத்தினார். உள்ளே ஏழு பேர், இரண்டு குழந்தைகள். யாருக்கும் காயமில்லை.

மெக்கானிக் பார்த்துச் சொன்னது: பின் சக்கரங்களில் பிரேக் சிலிண்டர் கசிவு, லைனிங் தேய்ந்துவிட்டது, ஹோஸ் வெடிப்பு. ஸ்பிரிங் பட்டையில் மேல் பட்டை முறிவு, அதற்கு மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டயர் நான்கும் 9 வருடப் பழசு. மேட்டுக்குக் கீழே தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை.

அந்த இரண்டு மாதம் அந்தச் சகோதரி தவணை கட்டவில்லை. இன்னொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்ட கடன் தள்ளிப்போனது. கூட்டத்தில் குரல் உயர்ந்தது. "பெயிண்டுக்குக் காசு இருந்துச்சு, தவணைக்கு இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். சகோதரி பதில் சொல்லாமல் அழுதார். அன்று நாங்களும் அங்கே இருந்தோம்.

இது என்ன வகை வண்டி?

சுமோ 1994-ல் வந்தது, 2019-ல் உற்பத்தி நின்றது. டாடாவின் பிக்கப் வண்டியின் அடித்தளத்தில் கட்டியது. அதாவது லாரி மாதிரி அடியில் இரும்புச் சட்டம் (சேசிஸ்) தனி, மேலே பாடி தனி. பொலேரோவும் இப்படித்தான். கட்டிலும் அதன் மேல் மெத்தையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை கிழிந்தால் தைக்கலாம். கட்டில் சட்டம் ஒடிந்தால் படுக்க முடியாது. எனவே இவ்வகை வண்டியில் பாடி நசுங்கியிருந்தால் பயமில்லை, சட்டத்தில்தான் கண் வைக்க வேண்டும்.

மண் ரோட்டுக்கும் பாரத்துக்கும் இது தாங்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகங்களும் கிடைக்கும். ஆனால் எடை அதிகம், உயரம் அதிகம். பிரேக் சரியில்லை என்றால் சின்னக் காரைவிட ஆபத்து. வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும்.

வாங்கும் முன் நாமே பார்க்கக்கூடியவை

மெக்கானிக்கை அழைத்துப் போவது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக் வேண்டாம். அதற்கு முன் நாமே பார்க்க வேண்டியவை:

1. காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறிய என்ஜின் கிளம்புவதில்தான் உண்மை தெரியும்.

2. புகையின் நிறம். கரும்புகை என்றால் காற்று வடிகட்டி அடைப்பு அல்லது டீசல் அதிகம் போகிறது; செலவு பெரும்பாலும் குறைவு. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, செலவு பெரிது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

3. ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தண்ணீர் பால் டீ நிறத்தில் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

4. என்ஜின் ஓடும்போது பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் கசிவு உண்டு.

5. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது.

6. மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். அடியில் குனிந்து சட்டத்தைப் பாருங்கள். புது வெல்டிங், புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் "ஏன்?" என்று கேளுங்கள்.

7. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பணம் கொடுக்காதீர்கள்.

கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் மெக்கானிக்கிடம் மதிப்புக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

மூன்று பத்திக் கணக்கு

அந்தக் குழு சண்டையோடு நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் நோட்டில் மூன்று பத்தி போட்டார். மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு வேலையும் ஒரு பத்திக்குப் போனது.

உயிருக்கு: பிரேக் முழு வேலை 9,500. நான்கு டயர் 22,000. ஸ்பிரிங் பட்டை, புஷ் 6,500. ஸ்டியரிங் இணைப்புகள் 4,000. ஆக 42,000.

ஓட்டத்துக்கு: ரேடியேட்டர் சுத்தம், ஹோஸ், பெல்ட் 4,500. ஆயில், வடிகட்டிகள் 3,500. பேட்டரி 6,500. வயரிங், விளக்குகள் 3,500. தரைத் தகடு வெல்டிங் 5,000. ஆக 23,000.

அழகுக்கு: ஏற்கெனவே செலவானது 28,000.

முதல் பத்தி முடியும்வரை வண்டி நகரக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். இரண்டு ஆடு விற்று 24,000 வந்தது. மீதி 18,000-ஐக் குழு கூடுதல் கடனாகத் தந்தது. இரண்டாம் பத்தி நான்கு மாதத்தில் மெல்ல மெல்ல முடிந்தது. வரிசை மாறாமல் இருந்தால் சின்னப் பணத்திலும் வேலை நடக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு பில்லும் நோட்டில் ஒட்டப்பட்டது.

உண்மையான லாபம் எவ்வளவு?

வண்டி விலை 1,40,000, அழகு 28,000, செப்பனிட்டது 65,000. மொத்தம் 2,33,000 ரூபாய்.

வாடகை 8,000 மிச்சம் என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு நடைக்கு டீசல் 600 ரூபாய் ஆகிறது. 8 நடைக்கு 4,800. உண்மையான மிச்சம் மாதம் 3,200, வருடம் 38,400. அதில் இன்சூரன்ஸ் 9,300 போகும். ஆயில் மாற்றுவது, சில்லறை வேலைகளுக்கு ஒரு 9,000 வைத்தால் மீதி சுமார் 20,000. போட்ட பணம் திரும்ப 11 வருடத்துக்கு மேல் ஆகும்!

அப்படியானால் வாங்கியது தப்பா? கூட்டத்தில் இதைக் கேட்டோம். சகோதரி சொன்னார்: "லாபத்துக்கு வாங்கலைங்க. அத்தை இப்ப நடு சீட்ல படுத்துக்கிட்டே வீடு வர்றாங்க. அதுக்குத்தான்." யாரும் மறுத்துப் பேசவில்லை.

நாம் கற்க வேண்டியது இதுதான். சொந்த வண்டி தேவைக் கடன், வருமானக் கடன் அல்ல. தேவைக்குக் கடன் கொடுப்பது தவறில்லை. ஆனால் தவணை எந்த வருமானத்திலிருந்து வரும் என்பதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். அந்த வீட்டில் இப்போது பால் பணத்திலிருந்து தவணை வருகிறது. விட்டுப்போன இரண்டு தவணையும் கட்டியாகிவிட்டது.

காகித வேலை மறக்கக்கூடாது

* பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கடன் இருந்தால் 35 எண் படிவமும் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.
* இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.
* விற்பவருக்கும் ஒரு எச்சரிக்கை: ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.
* சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய்; 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. 2013 வண்டிக்கு இந்தச் செலவு 2028-ல் வரும். இப்போதே சேமிக்கத் தொடங்க வேண்டும்.
* வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது. அந்தச் சகோதரியிடமும் "பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போங்க, மாசம் காசு தர்றோம்" என்று கேட்டார்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். அவர் மறுத்துவிட்டார். ஏரிக்கரை இறக்கம் அவருக்கு நினைவிருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் வண்டிக் கடன் கேட்டு வந்தால் என்னென்ன கேள்வி கேட்போம்? ஐந்து கேள்விகளைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டில் உள்ள வண்டியின் டயர் எண்ணைப் பார்த்து வாருங்கள். இரு சக்கர வண்டியானாலும் சரி. எத்தனை வயது?
3. வீடு பழுது பார்ப்பதற்கும் மூன்று பத்திக் கணக்குப் பொருந்துமா? ஒரு உறுப்பினரின் வீட்டை எடுத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

எழுதியதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.