பங்காளிகளிடம் என்ன கேட்பது?

கேள்வி: என் கணவருக்கு 64 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியில்லை. தண்ணீர் கேட்க நினைத்து வேறெதையோ சொல்கிறார். எனக்குப் புரியாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறார். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். இவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இருவர்தான். பங்காளி வீட்டார் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டு, புறா ரத்தம் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ராத்திரித் தூக்கமே இல்லை. அவரிடம் கத்திவிட்டு அப்புறம் அழுகிறேன்.
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் புறாவைப் பறக்க விடுங்கள் ஆச்சி. பழுது மூளையின் ரத்தக்குழாயில். தோலில் தேய்ப்பது அங்கே போய்ச் சேராது.

பெரும்பாலோருக்குப் பேச்சை ஆள்வது இடது மூளை. வலப்பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது அதனால்தான். வார்த்தை வராவிட்டாலும் விவரம் இருக்கும். அந்த ஆத்திரம்தான் தட்டில் இறங்குகிறது. செம்பைக் காட்டி “தண்ணியா?” என்று கேளுங்கள். தலையாட்டினால் போதும்.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து ‘அட்டெண்ட்’ என்றொரு ஆய்வு நடந்தது. 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. வீட்டில் ஒருவருக்குப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தால் நோயாளி கூடுதலாகத் தேறுவாரா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. பயிற்சியே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாவற்றையும் மனைவி தலையில் கட்டினால் வேலைக்காகாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே வருகிறவர்களிடம் கேளுங்கள். “ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க ஆச்சி” என்பார்கள். நாமோ கௌரவம் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் இவுககூட இருங்க, நான் தூங்கணும்” என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள். பழைய கதை பேசக்கூடிய கூட்டாளி யாராவது வந்தால் இன்னும் நல்லது. பேச்சுக்கு அதுவும் பயிற்சிதான். ராத்திரிக்கு ஆள் வைக்கும் செலவு மகனுடையது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வளவு, இரண்டாங்கட்டு என்று படி ஏறி இறங்க வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். கழிவறை பின்கட்டில் என்றால் கட்டிலையும் அதன் பக்கத்துக்கே மாற்றுங்கள். வருகிறவர் பார்க்க வசதி என்று முகப்பில் கொலு வைக்க வேண்டாம். விழுந்த கையைப் பிடித்து யாரும் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல, இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் கேளுங்கள். உதவித்தொகைக்கு அதுதான் அடிப்படை. இயன்முறை சிகிச்சைக்குப் போனால் அங்கே காத்திருக்கும் மனைவிமார்களிடம் பேச்சுக் கொடுங்கள். உங்கள் கோபம் அவர்களுக்கு விளக்காமலே புரியும். அழுகை நிற்காவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.