மழுங்கலும் மங்கலும் மந்தமும்

ஆங்கிலத்தினின்று தமிழிற் பெயர்த்தெழுதும் பயிற்சியில் எமக்கு அண்மையில் நேர்ந்த இடர்ப்பாடே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஒரே பத்தியில் வந்த 'டல்', 'ப்ளண்ட்', 'டிம்', 'டீடியஸ்' என்னும் நான்கு சொற்களையும் 'மந்தமான' என்னும் ஒரே சொல்லாற் கடந்துவிட்டோம். ஆசிரியர் நான்கிடத்தும் சிவப்புக் கோடிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். இழந்த மதிப்பெண்ணுக்குச் சிறிது இரங்கியபின், அகராதிகளோடு நூலகத்தில் அமர்ந்தோம். அங்குக் கண்டவற்றுட் சில நண்பர்க்கும் பயன்படுமென நம்புகின்றோம்.

இவற்றுள் மிகப் பரந்தது 'டல்' என்பதே. கத்தியும் டல், வானமும் டல், வலியும் டல், நூலும் டல், மாணவனும் டல். கத்திக்குரிய சொல்லே உவமையாக மனிதனுக்கு வந்ததென்று யாம் எண்ணியிருந்தோம். அது தவறு. அறிவின்மையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்றோடு இஃது உறவுடையது; இதற்கினமான ஜெர்மானியச் சொல் பித்துப் பிடித்தலைக் குறித்து வந்தது. மனிதனைச் சுட்டிய சொல்லே பின்னர்க் கத்தியையும் சுட்டலாயிற்று.

'ப்ளண்ட்' என்பது முனையோ வாயோ தடித்திருத்தல். செய்யும்போதே அவ்வாறு அமைந்ததாகவும் இருக்கலாம். 'டல்' என்பது பெரும்பாலும் முன்பிருந்த கூர்மை தேய்ந்துபோதல். உலக்கையின் முனை ப்ளண்ட். பல நாள் காயரிந்து வாய் மழுங்கிய அரிவாள்மணை டல். கருவிகளைச் சொல்லுமிடத்து இவ்விரண்டும் கலந்து வழங்குவதுமுண்டு. மனிதரைச் சொல்லுமிடத்தோ முற்றும் பிரிந்துவிடும். ப்ளண்ட் எனப்படுபவர் மனத்திற் பட்டதைப் பூசி மெழுகாமற் சொல்பவர், அறிவிற் குறைந்தவரல்லர். இவரோடு 'அப்ட்யூஸ்' எனப்படுபவரை மயங்கலாகாது. முன்னவர் கேட்பவர் மனம் நோகுமென அறிந்தும் சொல்வார். பின்னவர் எதிரிலிருப்பவர் முகம் வாடியதையும் அறியார். இச்சொல் அடித்து மழுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது. 90 பாகைக்கு மிகுந்து 180 பாகைக்குக் குறைந்த கோணத்திற்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். அவர்கள் அதனை முனை மழுங்கியதாகக் கண்டார்கள். நாம் அகன்றதாகக் கண்டு விரிகோணம் என்றோம். நம் பெயரே எமக்கு உவப்பானது.

ஒளியைப் பற்றிய வேறுபாட்டை வீட்டுக் குத்துவிளக்கே விளக்கும். எண்ணெய் குறைந்து சுடர் தாழ்ந்தால் 'டிம்'. துலக்காமையாற் பித்தளை பளபளப்பை இழந்தால் 'டல்'. முன்னதற்கு வேண்டுவது எண்ணெய், பின்னதற்குப் புளி. வலியிலும் இச்சொல் வருவதுண்டு. ஊசியாற் குத்தினாற் போலன்றி, உள்ளேயே இருந்து ஓயாது அரிக்கும் பல்வலியை மருத்துவரிடம் 'டல்' என்றே சொல்லவேண்டும். மந்தமான வலி என்றால் அதனைப் பொறுத்தவர் சினப்பர்.

நூல்களுக்கு வருவோம். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் ஜான்சன், 'டல்' என்பதற்கு மகிழ்வூட்டாதது என்றொரு பொருள் கூறி, அகராதி தொகுக்கும் தொழிலையே அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தார்! போப் என்னும் புலவர் 1728-இல் இம்மந்தத்தையே ஒரு தேவியாக்கி, தம் பகைவரான எழுத்தாளரை அவளுக்கு அடியாராக்கினார். 'டீடியஸ்' ஆவதற்கு நீளம் வேண்டும். டல் ஆவதற்கு ஐந்து நிமிடப் பேச்சே போதும். ஒரே தொனியிற் செல்வது 'மொனாட்டனஸ்'. 'ட்ரியரி' என்பதிற் சலிப்போடு துயரமும் கலந்திருக்கும். அதன் வேரைத் தேடினால் இரத்தந் தோய்ந்தது என்னும் பொருள் வரக்கண்டு வியந்தோம். சுவையற்ற பேச்சை நம் விடுதி நண்பர் 'மொக்கை' என்கின்றனரே, அதுவும் கூரிழந்த கத்திக்கு வழங்குஞ் சொல்லன்றோ?

வேதாகமத்தில் பிரசங்கி 10-ஆம் அதிகாரத்து இரும்பாயுதத்திற்கு 1611-ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு 'ப்ளண்ட்' என்கிறது. நம் தமிழ்ப் பெயர்ப்பு 'மழுங்கல்' என்கிறது. எபிரெயர் 5-ஆம் அதிகாரத்துக் கேள்விக் குறைவுக்கு அங்கே 'டல்', இங்கே 'மந்தம்'. மொழிபெயர்த்தோர் எம்மைப்போல் ஒரே சொல்லை வைத்து ஓடவில்லை.

இவ்வளவும் எழுதுவதற்கு மற்றொரு காரணமுமுண்டு. எமக்குப் பத்து வயதாகியபோது, பள்ளியினின்று வந்த முன்னேற்றச் சீட்டில் 'டல்' என்னும் ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலமறியாத எம் தந்தையார் அதனை அடுத்த வீட்டாரிடங் காட்ட, அவர் 'மூடன்' என்று பொருள் சொல்லிவிட்டார். தந்தையார் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. படிப்பை நிறுத்திக் கடையில் வைத்துக்கொள்வதாக அம்மாவிடம் மட்டுஞ் சொன்னார். மூடனுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டியூப்பிட்' என்னுஞ் சொல் தனியே உண்டு. அது திகைத்து உணர்விழந்து நிற்றல் என்னும் பொருளுடைய இலத்தீனினின்று வந்தது. இதனை அன்று எம் வீட்டில் எவரறிவார்? மூன்றாம் நாள் அம்மா பள்ளிக்கு நடந்தார். சீட்டை எழுதிய ஆசிரியர், "சென்ற ஆண்டு இவன் கூர்மையாக இருந்தானம்மா. இவ்வாண்டு மழுங்கியிருக்கிறான், ஏனென்று தெரியவில்லை. அதைத்தான் எழுதினேன்" என்றாராம்.

காரணம், கடைசி வரிசையிலிருந்து கரும்பலகை எமக்குத் தெரியாமையே. அவ்வாண்டு முதல் மூக்குக்கண்ணாடி அணிந்து வருகின்றோம்.