நிழற்படக் கூடமும் நிரல் நூலகமும்

நூலகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுக்கடுக்கான பேழைகளும் அவற்றில் துயிலும் நூல்களுமே. கணினியுலகில் அச்சொல் சற்றே வேறான பொருளில் வழங்குகின்றது. பலரும் பலகாலும் செய்யவேண்டிய பணிகளுக்கு உரிய கட்டளைகளை ஒருவர் முன்னரே எழுதிச் சோதித்துத் தொகுத்து வைத்திருப்பார். பின்வருவோர் அவற்றை எடுத்தாண்டு தம் பணியை முடித்துக்கொள்வர். இத்தொகுதியே நிரல் நூலகம் எனப்படும். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று மூத்தோர் வினவக்கூடும். நம் துறை அலமாரியில் அரை நூற்றாண்டுக்கால மன்ற விழாக்களின் நிழற்படங்கள் இருநூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சில மஞ்சளித்து முகமிழந்துவிட்டன. அவற்றை வலைப்பக்கத்தில் காட்சிக்கு வைக்கும் முயற்சியில் மாணவரோடு சேர்ந்து நாம் கற்ற பாடமே இக்கட்டுரை.

முதலில் நாம் செய்தது பிழையான வழி என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் எனத் தனித்தனியே எழுதினோம். விருந்தினர் ஒருவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அவரோ பன்னிரண்டு படங்களில் இருந்தார். பன்னிரண்டு பக்கங்களையும் திறந்து திருத்தினோம். பின்னர்ப் பார்த்தால் பதின்மூன்றாவது ஒன்று எஞ்சியிருந்தது. மேலும், பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட படக்குறிப்புகள் புதிய கணினியில் வெறும் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகக் காட்சியளித்தன. ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சிடுவதைத் தவிர நமக்கு வேறு வழி தெரியவில்லை.

இத்தொல்லை நீங்கத் தரவு வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்தல் வேண்டும். படத்தின் எண், கோப்பின் பெயர், தலைப்பு, ஆண்டு, படத்திலுள்ளோர் பெயர் ஆகியன ஒரே கோப்பில் ஒருமுறை மட்டும் இடம்பெறும். அதனை வாசித்துப் பக்கத்தை அவ்வப்போது உருவாக்கித் தருவது நிரலின் வேலை. அவ்வாறு உருவாகும் பக்கமே இயங்குநிலைப் பக்கம். தரவை எழுத ஜேசன் என்னும் எளிய வடிவம் உண்டு. அதில் 'தலைப்பு', 'ஆண்டு' என்று தமிழிலேயே பெயரிடலாம் என்பதறிந்து மாணவர் மகிழ்ந்தனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவதைத் தடை செய்வதில்லை. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலமாகவே இருக்கும்.

நூலகம் தோன்றிய காரணம்

ஜாவாஸ்கிரிப்ட் 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதன் முதல் வடிவம் பத்தே நாள்களில் எழுதப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. விரைவில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் அம்மொழியைத் தன் போக்கில் அமைத்தது. 1997இல் மொழிக்குப் பொதுத்தரம் வெளியாயினும், பக்கத்தின் உறுப்புகளைக் கையாளும் முறையில் உலாவிக்கு உலாவி வேற்றுமை நீடித்தது. பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் அதனை அறிந்துகொள்ள ஓர் உலாவிக்கு ஒரு கட்டளையும் மற்றொன்றுக்கு வேறொரு கட்டளையும் எழுத வேண்டியிருந்தது. ஒரே பொருளுக்கு வட்டாரந்தோறும் வெவ்வேறு சொல் வழங்கினால் வணிகன் என்ன செய்வான்? துபாஷி ஒருவரை வைத்துக்கொள்வான். 2006ஆம் ஆண்டு அமெரிக்கரான ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவரி என்னும் நூலகம் அத்தகைய துபாஷியே. நாம் ஒரு முறையில் சொன்னால் போதும். எந்த உலாவிக்கு எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

இன்று அத்தேவை பெரிதும் குறைந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் மாதத்தில் முடித்துக்கொண்டது. ஜேகுவரி செய்து வந்த பணிகளுள் பலவற்றை இன்றைய உலாவிகள் தாமாகவே செய்கின்றன. பெரிய பணிகளுக்கு ரியாக்ட் முதலான வேறு நூலகங்கள் வந்துவிட்டன. அவ்வாறாயின் இதனைக் கற்பானேன் என்பது நியாயமான வினாவே. கல்லூரி ஆய்வகத்தில் எவ்விதக் கூடுதல் கருவியும் நிறுவாமல், ஒரே கோப்பைச் சேர்த்துக்கொண்டு அன்றே பயனைக் காண முடிகின்றது என்பதே நம் விடை. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவருக்குத் தொடக்கத்தில் வேண்டியது ஊக்கமன்றோ! எனினும் நூலகத்தைக் கற்றபின் அதன் அடியிலுள்ள மொழியையும் கற்றேயாக வேண்டும். உரையை மட்டும் படித்து மூலத்தைப் படிக்காதவன் நிலை நமக்கு வேண்டாம்.

பெயரும் வினையும்

ஜேகுவரியின் தொடரமைப்பு தமிழ் மாணவருக்கு எளிதில் வசப்படுவதை வகுப்பில் கண்டோம். டாலர் குறியிட்டு, பிறையடைப்புக்குள் பக்கத்தின் எந்த உறுப்பு வேண்டும் என்று முதலில் சுட்டுகிறோம். பிறகு புள்ளியிட்டு அதனை என்செய்ய வேண்டும் என்கிறோம். 'படத்தை மறை' என்னும் தமிழ்த் தொடரில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் நிற்பது போலவே இங்கும் நிற்கின்றன. ஒரே உறுப்பின்மீது பல வினைகளைப் புள்ளியிட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். 'மறைத்து, மாற்றி, காட்டு' என வினையெச்சங்கள் அடுக்கி வருவது போன்றது இது என்று நாம் வகுப்பில் விளக்கினோம். மாணவரும் தலையசைத்தனர்.

அவ்விளக்கமே நம்மை இடறி வீழ்த்தியது. பெரிய படம் மெல்ல மங்கி மறைய வேண்டும். மறைந்தபின் அவ்விடத்தில் புதிய படம் வர வேண்டும். பிறகு அது மெல்லத் தெளிய வேண்டும். இம்மூன்றையும் கோத்து எழுதினோம். ஆனால் திரையில் புதிய படம் முதலில் பளிச்சென்று தோன்றி, அதுவே மங்கி, அதுவே மீண்டும் தெளிந்தது. இரண்டு நாள் தேடியபின் காரணம் புலப்பட்டது. தமிழில் 'மறைத்து' என்றால் மறைத்தல் முடிந்தது என்பது பொருள். ஜேகுவரியிலோ மங்கச் செய்யும் கட்டளை, அவ்வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே அடுத்த கட்டளைக்கு வழிவிட்டுவிடுகின்றது. மங்குதல், தெளிதல் ஆகிய அசைவுகள் தமக்குள் வரிசையில் காத்து நிற்கும். படத்தை மாற்றும் கட்டளை அவ்வரிசையில் நிற்பதில்லை. ஆதலின் 'மங்கி முடிந்தபின் இதைச் செய்' என ஒரு செயல்கூற்றை மங்கும் கட்டளையிடமே ஒப்படைக்க வேண்டும். அதனுள்ளும், புதிய படம் முழுவதும் இறங்கிய பிறகே தெளியச் செய்தல் வேண்டும். இல்லையேல் இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் வெற்றுச் சட்டமே தெளிந்து நிற்கும். படம் இறங்கிவிட்டதா எனக் காத்திருக்கும் கட்டளையை, படத்தின் முகவரியைக் கொடுப்பதற்கு முன்பே எழுதிவிடுவது பாதுகாப்பு.

மற்றொரு தடுமாற்றமும் பெரும்பாலோர்க்கு நேர்வதே. ஒவ்வொரு சிறுபடத்துக்கும் 'அழுத்தினால் பெரிதாக்கு' என்று கட்டளையிட்டோம், எதுவும் நிகழவில்லை. நாம் கட்டளையிட்ட நேரத்தில் சிறுபடங்கள் பக்கத்தில் பிறக்கவேயில்லை. தரவுக் கோப்பு வந்த பின்னரே அவை உருவாயின. வகுப்பில் அப்போது இருந்தவர்க்குச் சொன்ன அறிவிப்பு, பிறகு வந்து சேர்ந்த மாணவர் காதில் விழாதது போன்றதே இது. தீர்வு எளிது. சிறுபடங்களுக்குத் தாயாக உள்ள பெட்டியிடம், 'உன்னுள் எந்தச் சிறுபடம் அழுத்தப்பட்டாலும் எனக்குச் சொல்' என்று கட்டளையிட வேண்டும். பின்னர் எத்தனை படங்கள் சேர்ந்தாலும் கவலையில்லை.

கோப்பை வெறுமனே இருமுறை சொடுக்கித் திறந்தால் கூடம் வெறுமையாகத் தோன்றும் என்பதையும் இங்குச் சொல்லிவைக்கிறோம். வன்தட்டிலிருந்து நேரே திறந்த பக்கம் பக்கத்திலுள்ள தரவுக் கோப்பை வாசிப்பதைப் பாதுகாப்புக் கருதி உலாவிகள் பொதுவாகத் தடுத்துவிடும். சொந்தக் கணினியிலேயே சிறிய வழங்கி ஒன்றை இயக்கி அதன்வழித் திறக்க வேண்டும்.

அகரவரிசையின் அவலம்

தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. படத்தலைப்புகளை அகரவரிசைப்படுத்துமாறு ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசைக் கட்டளையை ஏவினோம். 'அழகு' எனத் தொடங்கும் தலைப்பு முன்னும் 'அவை' எனத் தொடங்குவது பின்னும் வந்தன. 'பகல்' முந்த, 'பக்கம்' பிந்தியது. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே ழகரம். புள்ளி பெற்ற மெய்க்குப் பின்னரே உயிர்மெய். பின் ஏன் இத்தலைகீழ்? ஒருங்குறி அட்டவணையில் எழுத்துகள் நிற்கும் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையன்று. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் அமர்ந்து, வகரம் அவற்றிற்குப் பின்னே தள்ளப்பட்டுள்ளது. ஜகரமோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே நிற்கின்றது. புள்ளிக்கு உரிய எண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பிற்பட்டது. இயல்பான வரிசைக் கட்டளை மொழியறியாது. எண்ணை மட்டுமே ஒப்பிடும்.

இக்குறை நீக்க நூலகம் எதுவும் வேண்டியதில்லை. ஒப்பிடும்போது 'தமிழ் முறைப்படி ஒப்பிடு' என்று மொழிக்குறியைக் கொடுக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ளது. அவ்வாறு கொடுத்தவுடன் அவை முந்தி அழகு பிந்தியது; பக்கமும் தனக்குரிய இடத்தைப் பெற்றது. முதலெழுத்துவாரியாகப் பெயர்களைப் பிரிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 'மீரான்' என்னும் பெயரின் முதல் எழுத்தைக் கேட்டால் கணினி 'ம' என்றே தரும். ஏனெனில் அதற்கு மகரமும் ஈகாரக் குறியும் இரண்டு தனி அலகுகள். எழுத்து எது என்பதில் நன்னூலார்க்கும் கணினிக்கும் கருத்து வேறுபாடு உண்டு!

அரபுத்தமிழ் நூல்கள் சிலவற்றின் முகப்புப் பக்கங்களும் நம் தொகுப்பில் உள்ளன. அவற்றின் தலைப்புகளை அரபு எழுத்திலேயே தட்டச்சிட்டால் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தும், இடமிருந்து வலமாக ஓடும் தமிழும், ஆண்டெண்ணும் ஒரே வரியில் கலந்து இடம்மாறி நிற்கும். ஆகவே தலைப்பின் அரபுப் பகுதியைத் தனி உறுப்பாகப் பிரித்து, அதன் திசை வலமிருந்து இடம் என்று வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்.

அமானிதம்

நுட்பத்தைவிடக் கடினமான செய்தி ஒன்றுண்டு. இப்படங்களுள் பல, குடும்பத்தார் நம்மை நம்பி ஒப்படைத்தவை. பரிசு பெறும் மாணவியர் படங்கள் உள. மறைந்துவிட்ட பெரியோரின் படங்களைக் கண்டு அவர்தம் மக்கள் மகிழ்வர் என்று நாமாகக் கருதிக்கொள்ள முடியாது. படம் பொதுவில் வருவதையே விரும்பாத இல்லங்களும் உண்டு. ஆகவே தரவுக் கோப்பில் 'இசைவு' என ஒரு புலத்தைச் சேர்த்து, இசைவு கிடைக்காத படத்தைக் காட்டாதே என்று நிரலில் எழுதினோம். கூடத்தில் அப்படங்கள் தோன்றவில்லை. நாமும் நிம்மதியடைந்தோம்.

மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஐயா, மறைத்த படங்களையும் என்னால் பார்க்க முடிகிறது" என்றார். உலாவியிலேயே உள்ள கருவியைத் திறந்து தரவுக் கோப்பைக் காட்டினார். மறைக்கப்பட்ட படங்களின் முகவரிகளும் பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றைச் சொடுக்கினார், படம் திறந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இயங்குவது பார்ப்பவர் கணினியில். அங்கே செல்லும் எதனையும் அவர் காண இயலும். திரையில் மறைப்பது பாதுகாப்பு ஆகாது. கதவைச் சாத்திவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருந்தோம். அன்று மாலையே அப்படங்களையும் அவற்றின் தரவுகளையும் வழங்கியிலிருந்து முற்றிலும் நீக்கினோம். இப்போது இசைவு எழுத்தில் கிடைத்த படம் மட்டுமே வழங்கிக்குச் செல்கின்றது. ஏனையவை துறைக் கணினியிலேயே இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த படங்களில் எடுத்த இடத்தின் குறிப்பு பொதிந்திருக்கக்கூடும் ஆதலின், அதனையும் நீக்கிய பிறகே ஏற்றுகிறோம். அம்மாணவரைப் பாராட்டினோம் என்று எழுதுவது போதாது. அவர் சொல்லாதிருந்தால் பெற்றோர் முகத்தில் விழித்திருக்க முடியாது.

படக்குறிப்புகளைப் பக்கத்தில் இடும்போது அவற்றை வெறும் எழுத்தாகவே இடும் கட்டளையைப் பயன்படுத்துமாறும் மாணவரை வேண்டுகிறோம். பிறர் எழுதி அனுப்பும் குறிப்பை அப்படியே பக்கத்தின் மொழியாக ஏற்றால், அதனுள் ஒளிந்துள்ள தீய நிரலும் உடன் இயங்கிவிடக்கூடும். ஒவ்வொரு படத்துக்கும் சொல்வடிவ விளக்கம் எழுதுவதையும் கட்டாயமாக்கியுள்ளோம். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் வழியே கூடத்தைக் கேட்கும்போது அவ்விளக்கமே அவர்க்குப் படம். இதனை எழுதுவது தமிழ் மாணவர்க்கு நல்ல உரைநடைப் பயிற்சியாகவும் அமைகின்றது. 'மேடையில் ஐவர்' என்று எழுதி வந்தவர்கள், யார் எழுந்து நிற்கிறார், யார் கையில் ஏடு, யார் எங்கோ பார்க்கிறார் என்றெல்லாம் எழுதத் தொடங்கினர்.

அவ்வாறு எழுதும்போதுதான் பெயரில்லா முகங்கள் எத்தனை என்பது தெரியவந்தது. பெயர்ப்புலம் வெறுமையாக இருந்தால் 'பெயர் அறியப்படவில்லை' என்று நிரல் தானாகவே எழுதிவிடும். பழைய மன்றத் தொடக்கவிழாப் படம் ஒன்றில் முன்வரிசையில் அமர்ந்திருப்போர் பதினொருவர். எழுவர் பெயர் கிடைத்துவிட்டது. எஞ்சிய நால்வரின்கீழ் அவ்வரியே நான்கு முறை வருகின்றது. அப்படம் துறை அறையின் மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் இங்குப் பயின்ற மூத்தோர், விழாவுக்கு வரும் அன்று ஐந்து நிமிடம் அறைக்குள் வந்து, இடமிருந்து மூன்றாமவரும், தொப்பியணிந்த இருவரும், ஓரத்தில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் இளைஞரும் யார் என்பதைச் சொல்லிச் செல்ல வேண்டுகிறோம்.